மிளகுக்கு ஒரு டைம் சார்ட்

பள்ளிக்கூடம் மிளகை வேண்டாம் என்று சொன்ன விதத்தில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. தலைமையாசிரியை அவளுடைய அப்பா, அம்மா இருவரையும் உட்காரவைத்தார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், தானே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார். இத்தனை மரியாதை எதற்கு என்று, பஸ் டிப்போவில் டைம்கீப்பரான அவளுடைய அப்பாவுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

மிளகு அவருக்கு ஒரே மகள். பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ஆள் சிறிசு, வாய் காரம் என்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வலிப்பு வர ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு மட்டும் பள்ளிக்கூடத்தில் மூன்று முறை விழுந்திருந்தாள். மூன்றாவது முறை மாடிப்படியில். முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது.

"எங்களுக்கும் மனசு வரல சார். ஆனா இந்தக் கட்டடத்துல படி மட்டும் தொண்ணூறு இருக்கு. அவ பின்னாடியே நடக்கிறதுக்கு ஒரு ஆள் எங்ககிட்ட இல்ல" என்றார் தலைமையாசிரியை.

வழி இரண்டு இருக்கிறது என்றும் அவரே சொன்னார். ஒன்று, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கும் விடுதிப் பள்ளி. மூன்று மணி நேரப் பயணம். இன்னொன்று, கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கி வீட்டிலேயே படிக்கவைப்பது. அதற்கு ஆண்டு முழுமைக்கும் பாடத்திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். வருஷக் கடைசியில் மறுஆய்வு வைப்பார்கள். திருப்தி என்றால் அனுமதி நீளும். இல்லையென்றால் விடுதிதான்.

அந்த விடுதியை மிளகின் அம்மா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் துணிகளைத் துவைத்து அடுக்கி வார்டுகளுக்குக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள்; வரிசைக் கட்டிலும் மருந்து வாடையும் அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும், பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த கணவரோடு வீட்டுக்கு நடந்து வரும்போது தெருமுனை வந்ததும் நின்றாள். மகள் வயதில் ஒரு பெண், தலையில் கட்டிய தடித்த தொப்பியோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். கூப்பிட்டதற்குத் திரும்பவே இல்லையாம்.

"அங்க மட்டும் வேண்டாங்க."

"நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர். சொன்ன வேகத்தில் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் நகரப் பேருந்து டிப்போவில் டைம்கீப்பர். வாசலை ஒட்டி மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு கடிகாரம், ஒரு மைக். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்பியது, தாமதம் என்றால் எதனால் என்று நோட்டில் ஏற்றுவதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா ரூட்டுக்கும் புது டைம் சார்ட் போடுவதும் அவர் பொறுப்பு. டிப்போவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிமிஷம்' என்பார்கள். இளையவர்களுக்கு 'நிமிஷம் அண்ணன்'. காலையில் அவர் கூண்டுக்குள் நுழைவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் டிரைவர்கள் உண்டு.

அவர் குடும்பத்தில் பட்டச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கையில் பிடித்த முதல் ஆளும் அவர்தான். அவருடைய அப்பா கடைசிவரை கைநாட்டு. இவர் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தே தபாலில் படித்தார். ஒரு பஸ் போய் அடுத்தது வருவதற்குள் ஏழு நிமிஷம் கிடைக்கும், சில நேரம் நாலு. அந்தத் துண்டு நிமிஷங்களை ஒட்டுப்போட்டு ஐந்து வருஷத்தில் பட்டம் வாங்கினார். சான்றிதழ் கூடத்துச் சுவரில், விருந்தாளி எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருந்தது. நேரத்தைச் சரியாகப் பிரித்துப் போட்டால் எதையும் படித்துவிடலாம் என்பது அவருக்கு அனுபவம். மற்றவர் சொல்லிக் கேட்ட புத்திமதி அல்ல.

வார விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் ஐந்தையும் அடுக்கி, பெரிய கட்டம் போட்ட தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் மகளை எதிரே உட்காரவைத்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் இருபது வினாடி. வேறு புத்தகத்தில் வேறு பக்கம். நாலு நிமிஷம் ஐந்து. அப்படிப் பத்துப் பக்கத்துக்குச் சராசரி எடுத்தார். பின்னக் கணக்கு ஒன்றுக்கு எவ்வளவு, தசமக் கணக்கு ஒன்றுக்கு எவ்வளவு, வரைபடத்தில் ஐந்து இடம் குறிக்க எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினார். புது ரூட் போடும்போது காலி பஸ்ஸை ஓட்டிப் பார்த்து ஓட்ட நேரம் எடுப்பார்கள், அதே முறை.

"நான் பஸ்ஸாப்பா?" என்று கேட்டாள் மிளகு.

"இல்லடா. நீதான் ரூட்டு. நான் ஓட்டுறேன்."

"அப்ப நீ என் மேல ஏறிப் போவியா?"

அம்மா அடுக்களையிலிருந்து சிரித்தது கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை எட்டிப்பார்த்தாள். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை கட்டத்துக்குக் கட்டம் பாடம் நிரம்பியிருந்தது.

"இதுல புள்ள மூச்சு விடறதுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கீங்க?"

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, இரண்டு பாடத்துக்கு நடுவே 'இடைவெளி 5' என்று சேர்த்தார்.

வரிசை போடுவதில்தான் அவருடைய தொழில் மூளை முழுதாக வேலை செய்தது. காலை நெரிசல் நேரத்தில் நல்ல வண்டியை விடுவது டிப்போ வழக்கம். மிளகுக்கும் காலையில்தான் தலை தெளிவாக இருக்கும். மதிய மாத்திரை உள்ளே போனால் கண் சொக்கும். ஆகவே எட்டு மணிக்குக் கணக்கு, அடுத்து அறிவியல், பிறகு சமூகம், பிறகு பாடப் புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பது. கடைசி முக்கால் மணி எழுத்துக்கு. சொந்தமாக ஒரு பத்தி, ஒரு பக்கம், ஒரு கடிதம் எழுதிப் பழகும் நேரம் அது. அது முடிய மணி இரண்டு. அப்போது அம்மா காலை ஷிஃப்ட் முடிந்து வந்துவிடுவாள். இவர் இரண்டே காலுக்குக் கிளம்பினால் மூன்று மணி ஷிஃப்டுக்குப் போய்விடலாம். இதற்காகவே இரண்டாம் ஷிஃப்டுக்கு எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டிருந்தார்.

இருநூறு நாள், நாளுக்கு ஐந்து பாடம், ஆயிரம் டிரிப். அத்தனையையும் தாளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கல்வி அலுவலகக் குமாஸ்தா இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இப்படி ஒரு திட்டத்தை இதுவரை யாரும் கொடுத்ததில்லையாம். மற்றவர்களுக்கு மாதிரி காட்ட ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்று சாயங்காலம் டிப்போவில் நாலு பேரிடமாவது அவர் இதைச் சொல்லியிருப்பார்.

முதல் மாதம் சார்ட் சொன்னபடியே போனது. இரண்டாம் மாதம் வலிப்பு குறுக்கே வந்தது. பெரிய வலிப்பு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் சின்னது: பேசிக்கொண்டே இருப்பவளுக்குக் கண் நிலைகுத்தி நிற்கும், கையில் இருக்கும் பென்சில் நழுவும், அரை நிமிஷத்தில் திரும்ப வந்துவிடுவாள். வந்தாலும் ஒரு அரை மணிக்குத் தலை கனக்கும். எட்டு மணிப் பின்னக் கணக்கு ஒன்பதுக்கு முடிய வேண்டியது ஒன்பதே முக்காலுக்கு இழுக்கும். அதற்கடுத்த எல்லாம் வரிசையாகப் பின்தள்ளும்.

இதற்கு டிப்போவில் மருந்து இருந்தது. வழியில் நெரிசலில் மாட்டி ஒரு பஸ் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தால், அதை அப்படியே விட்டால் நாள் முழுதும் தாமதமாகத்தான் ஓடும். அதனால் அடுத்து வரும் ஒரு டிரிப்பை ரத்து செய்துவிடுவார்கள். வண்டி மறுபடி சரியான நேரத்துக்கு வந்துவிடும். இதற்கு டிரிப் கட் என்று பெயர். சிவப்பு மையில் 'கட்' என்று போட்டுப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதிவிட்டால் அது குற்றமில்லை. எழுதாமல் விட்டால்தான் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

ஹாரன் என்று ஒரு டிரைவர். பேசினால் காது வலிக்கும் குரல், அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் அவன் கூண்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, உங்க நோட்டு சுத்தமா இருக்கு. கடைசி ஸ்டாப்புல ஒன்றரை மணி நேரமா நிக்கிறவன் எங்க அம்மாவைத்தான் இழுக்கிறான். அவனை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வர்றேன், உங்க காரணத்தைப் படிச்சுக் காட்டுங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டு அவனுடைய டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டிலும் அதே முறைதான் வந்தது. தாமதம் என்றால் கடைசி டிரிப் கட். இரண்டே காலுக்கு அவர் கிளம்பியாக வேண்டும். முன்னால் இருப்பதை வெட்ட மனம் வரவில்லை. கணக்கு விட்டால் பிடிக்க முடியாது, அறிவியல் அடுக்கடுக்காகப் போவது. எழுத்து எங்கே போகப்போகிறது? நோட்டில் நாள், பாடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் நீல மையில். கட் மட்டும் சிவப்பில். 'கட். காரணம்: காலை 8.25 வலிப்பு.' 'கட். காரணம்: மாத்திரை மயக்கம்.' கொஞ்ச நாளில் மிளகே அந்தச் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சின்னக் கட்டம் வரைந்து, உள்ளே 'கட்' என்று எழுதி, காரணத்தை அவரிடம் கேட்டுக் குண்டு குண்டாக எழுதுவாள். அப்பாவுக்கு உதவி செய்வதில் அவளுக்கு ஒரு பெருமை. வருஷம் முழுக்க அவள் சொந்தக் கையால் அதிகம் எழுதியது அதுதான்.

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் துணி மடிக்கும்போது மிளகு அவளிடம் கதை சொல்வாள். எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டைகளுக்குள் சண்டை மூட்டிவிடுவாள். நீலச் சட்டை வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்து முறுக்கும். காற்று வந்து பஞ்சாயத்துப் பண்ணும். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து மடித்த துணி கலையும்.

"இவ சொல்றதை எழுத வைங்களேன்" என்று ஒரு முறை சொன்னாள். மறுமுறை சொன்னாள். மூன்றாவது முறை கொஞ்சம் சூடாகவே சொன்னாள்.

"இவ்வளவு பேசறவளுக்கு எழுதறது ஒரு விஷயமா? அது கடைசி டிரிப்பும்மா. எப்ப வேணா பிடிச்சுக்கலாம்" என்றார் அவர்.

"அந்த எப்ப வேணாங்கிறது உங்க சார்ட்டுல எந்தக் கட்டத்துல இருக்கு?"

அவர் மகளின் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். கணக்கில் மிளகு பிரமாதமாக வந்துகொண்டிருந்தாள். குறை எண்ணைக் கூட்டுவதும் கழிப்பதும் தண்ணீர் பட்ட பாடு. காந்தத்தின் துருவமும், உப்புத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பதும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வருஷக் கடைசியில் ஆயிரம் டிரிப்பில் எண்ணூற்று அறுபத்தொன்பது ஓடியிருந்தது. டிப்போவில் இது பாராட்டுக் கடிதம் வாங்கும் விகிதம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு அவர் தன் கையாலேயே எழுதினார்: மொத்தக் கட் 131. காரணம் இல்லாத கட் 0.

மறுஆய்வுக்கு மூவரும் போனார்கள். கல்வி அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு நீள அறை. ஒரு பக்கம் இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு மேசை. ஆய்வாளர் அம்மாள் ஐம்பது வயதைத் தாண்டியவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்பதால் பெற்றோர் பின்னால் பெஞ்சில் உட்காரலாம், வாய் மட்டும் திறக்கக் கூடாது என்றார். மிளகுக்குத் தண்ணீர் வைத்தார். உடைந்த பல்லைப் பார்த்து, தனக்கும் சின்ன வயதில் ஒன்று போனது என்று சொன்னார். நல்ல மனுஷிதான்.

கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு. ஆய்வாளர் தாளைத் திருத்திக்கொண்டே பின்னால் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். அறிவியலில் பதினாறு. சமூகத்தில் பதினைந்து. டைம்கீப்பருக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சு தரையில் இருக்கிறதா மேலே போகிறதா என்று தெரியவில்லை. மனைவியின் கையை ஒரு முறை அழுத்தினார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, திரும்ப அழுத்தவும் இல்லை.

கடைசியில் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து, 'எங்கள் வீடு' என்று தலைப்புச் சொன்னார் ஆய்வாளர். ஒரு பக்கம், நாற்பது நிமிஷம்.

மிளகு தலைப்பை எழுதினாள். அடியில் கோடு போட்டாள். முதல் வரி எழுதினாள், நிறுத்தினாள். அழித்தாள். மூன்று வரி எழுதினாள். பென்சில் முனையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், காலை ஆட்டினாள். வலிப்பு வரப்போகிறதோ என்று அவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். வலிப்பு வரவில்லை. பதினைந்து நிமிஷம் ஆனதும், அவள் ஒரு முடிவுக்கு வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்து, தாளில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து எதையோ எழுதி, பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும்மா. எழுதேன்" என்றார் ஆய்வாளர்.

"இது கடைசி மேடம். கடைசின்னா கட் பண்ணிடலாம். காரணம் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பயம் என்பது பொட்டுக்கூட இல்லை. வேலையை ஒழுங்காக முடித்தவளின் சிரிப்பு அது.

ஆய்வாளர் தாளை எடுத்துப் பார்த்தார். மூன்று வரி. அதில் இரண்டில் எழுத்து விட்டுப்போயிருந்தது. அடியில் கட்டத்துக்குள், அந்தப் பக்கத்திலேயே அழகான கையெழுத்தில், 'கட். காரணம்: நேரம் போதவில்லை.'

வீட்டைப் பற்றி வாயால் சொல் என்று கேட்டார். மிளகு சொன்னாள். எதிர்வீட்டுச் சட்டைகளின் சண்டை, அதில் தோற்ற வெள்ளைச் சட்டை, காற்றின் பஞ்சாயத்து எல்லாம் சொன்னாள். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். பிறகு மிளகை அம்மாவோடு வெளியே அனுப்பிவிட்டு, தினசரிப் பதிவு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்றார். அவர் நோட்டை நீட்டினார். அந்த நேரத்திலும், அந்த நோட்டு தன்னைக் காப்பாற்றிவிடும் என்றுதான் நினைத்தார்.

ஆய்வாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்புக் கட்டம் வரும் இடத்திலெல்லாம் விரல் நின்றது. எல்லாம் ஒரே நெடுவரிசையில், கடைசியில். இறுதிப் பக்கத்துக் கூட்டலைப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்தொண்ணும் ஒரே பாடமா சார்?"

"கடைசி டிரிப் மேடம். காரணம் எல்லாத்துக்கும் போட்டிருக்கேன். ஒண்ணுகூட விடல."

"காரணத்தை நான் கேக்கல. மீதி அறுபத்தொன்பது நாள் என்ன எழுதினா?"

முக்கால்வாசி நாள் அந்த நேரமும் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம்தான் ஓடியிருந்தது. அதுவும் நோட்டில் இருந்தது.

"சொந்தமா எழுதறதுல ரெண்டாம் வகுப்புப் புள்ளை அளவுக்குத்தான் இருக்கா. கணக்கை வச்சு இதை நான் மூட முடியாது. படிவத்துல பாடத்துக்குப் பாடம் கட்டம் இருக்கு. ஒண்ணுல திருப்தி இல்லன்னா மொத்தமும் இல்லதான்." ஆய்வாளர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "ஆறு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தேதி தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அவர் பழைய தாளைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் புதுத்தாள் விரித்தார். ஆறு வாரம், எழுத்து மட்டும், நாளுக்கு நாலு மணி நேரம். சுருளும் தாளின் ஓரத்தை மனைவி பிடித்துக்கொடுத்தாள். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

மிளகுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டிருந்தது. விடுதி என்ற சொல்லை யாரும் அவளிடம் சொல்லவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் பேசியதை அவள் அந்தப் பக்கம் கேட்டிருந்தாள். ஒரு வரி எழுதிவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாள். அவர் முகத்தில் என்ன கண்டாளோ, அழித்துவிடுவாள். தாள் கிழியும்வரை அழிப்பாள். சட்டைச் சண்டையை எழுது என்றார். அது தனக்கு மறந்துபோய்விட்டது என்றாள். சாயங்காலம் அம்மாவிடம் சொல்வதும் நின்றது.

சின்ன வலிப்பு தினமும் வந்தது. பன்னிரண்டாம் நாள், பத்தி ஒன்றின் நடுவில், பெரிய வலிப்பு. அது நிற்பதற்குள் இன்னொன்று. அவர் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு நிமிஷம், ஐந்து, ஆறு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் மட்டும் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாள் ஓடிவந்து மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. இப்படி நெருக்கினால் அடுத்தது இதைவிட மோசமாக வரும் என்றார் டாக்டர். மனைவி வேலை பார்க்கும் இடமே அதுதான். அவள் அடுக்கிக் கொடுத்த விரிப்பில்தான் மகள் படுத்திருந்தாள். வராந்தாவில் அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"போதுங்க. விடுதிக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்."

"இன்னும் நாலு வாரம் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா..."

"நாலு வாரத்துல அவ எழுதிடுவா. ஆனா இருக்கணுமே." அவள் குரல் உயரவில்லை. "உங்க மேல தப்பே இல்லங்க. நோட்டைப் பார்த்தா ஒரு தப்பும் இல்ல."

இருபது வருஷத்தில் அவள் அவரைத் திட்டியதுண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டதுண்டு. இப்படிச் சொன்னதில்லை. அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். டிப்போவுக்கு அன்று லீவு சொல்லவில்லை என்பது சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் சொல்லாமல் நின்ற ஒரே நாள் அது. மறுநாள் கூண்டில் போய் உட்கார்ந்தபோது மெமோ மேசைமேல் காத்திருந்தது. காரணம் என்ற இடத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. ஹாரன் ஜன்னல் பக்கம் வந்து, டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனான்.

விடுதியில் சேர்க்கும் நாள் காலை, பெட்டி கட்டி முடித்தபின், அங்கிருந்து அனுப்பியிருந்த படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார்கள். மாத்திரைப் பெயர், அளவு, நேரம் எல்லாம் அவர் கை தானாக எழுதியது. இரண்டரை வருஷத்தில் வந்த பெரிய வலிப்பு ஒவ்வொன்றுக்கும் தேதி, தொடங்கிய மணி, நீடித்த நிமிஷம் என்று தனித்தாளில் எடுத்து இணைத்தார். படிவத்தின் அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியும் பத்து வரி இடமும் இருந்தன: குழந்தையைப் பற்றிக் காப்பாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பேனா நின்றுவிட்டது. ஒரு வருஷம், தினம் ஆறு மணி நேரம், இரண்டடி தூரத்தில் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார். எழுத ஒரு வரி வரவில்லை.

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்க. தனியா இருட்டுல படுக்க மாட்டா. பயம்னு ஒத்துக்க மாட்டா, தாகமா இருக்குன்னு சொல்லுவா. தண்ணி கேட்டா தண்ணியை மட்டும் கொடுத்துட்டுப் போயிடக் கூடாது, கொஞ்சம் உக்காரணும்."

எழுதினார்.

"தலையில அந்தத் தொப்பியைப் போட்டா, முடியை முதல்ல பின்னிவிட்டுட்டுப் போடணும். இல்லன்னா வலிக்கும். வலிக்குதுன்னு சொல்ல மாட்டா."

எழுதினார்.

"வலிப்பு வர்றதுக்கு முன்னாடி, வலது கைக் கட்டைவிரலால மத்த விரலைத் தடவிக்கிட்டே இருப்பா. அதைப் பார்த்தா உடனே கீழ உக்கார வச்சிடணும்."

அவர் எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "எப்போலேர்ந்து?"

"முதல்லேர்ந்து."

பள்ளிக்கூடத்துச் சீருடைபோல இருந்த புதுச் சட்டையில், பெட்டிமேல் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள் மிளகு.

"மத்த விரல் எல்லாம் இல்லம்மா. இது மட்டும்" என்று சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் அந்த வரியை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினார். பத்து வரி நிரம்பிவிட்டது. தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைச் சமப்படுத்தி வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தார்.

"வேற?" என்று கேட்டார்.